காற்றை அரைத்தவள்

மிக்ஸி பேசுமா என்று கேட்கிறவர்கள் மிக்ஸிக்கு முன்னால் நின்று ஒருநாள்கூடத் துவையல் அரைக்காதவர்கள், அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அரைத்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதும் இல்லை, அந்த இரைச்சலுக்குள் நாம் என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்பது நமக்கே தெரியும். மாமியாரை, நாத்தனாரை, கட்டினவனை, கட்டிக்கொடுத்தவர்களை, பெற்றவர்களை, சில நாள் பெற்றெடுத்த பிள்ளைகளையும். திருகினால் வாய் தானாகத் திறக்கும், நிறுத்தினால் தானாக மூடும், தேங்காயும் பொரிகடலையும் மைபோல அரைபட்டிருக்கும், யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், போன பங்குனி வரைக்கும்.

எங்கள் ஊர் பனையடிப்பட்டி, கோவில்பட்டியிலிருந்து வருகிற மினி பஸ்ஸுக்குக் கடைசி நிறுத்தம். ஊருக்குத் தெற்கே வெயிலுகந்த அம்மன் கூரையில்லாமல் நிற்கிறாள். அவளுக்குக் கூரை ஆகாது, பக்கத்தில் மரம் ஆகாது, என்றைக்கோ யாரோ பக்தி முற்றித் தகரம் போட்டபோது மூன்றாம் நாளே காற்று அதைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கண்மாயில் போட்டது, அன்றிலிருந்து அவள் வெயிலை அவளிடமே விட்டுவிட்டோம். அவள் முன்னால் கிடக்கிற பொட்டலில் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை கையகல நிழல் கிடையாது. மிளகாய் வற்றல் காயப்போடத்தான் அந்த இடம் லாயக்கு. வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனியில் பத்து நாள், முப்பிடாதி அங்கேதான் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவாள்.

முப்பிடாதி மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவள், மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எது படுத்துவிட்டாலும் எழுப்பிவிடுவாள். சாத்தூரில் அவள் புருஷன் ரிப்பேர் கடை வைத்திருந்தான், அவன் குடித்துவிட்டுக் கிடந்த நேரத்தில் எல்லாம் கடையைப் பார்த்துக்கொண்டு, பிரித்துப் பிரித்து மாட்டியே தொழிலைக் கற்றுக்கொண்டாள். அவன் ஈரல் கெட்டுப் போய்ச்சேர்ந்ததும் கடைக்குச் சொந்தக்காரர் கடையைக் காலி பண்ணச் சொன்னார், வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார், பதினாறு வீடு ஏறி இறங்கினாள், பதினாறு வீட்டிலும் ஒரே கேள்வி, "கூட யாரு இருப்பா?" தனியாக வருகிற ஆம்பிளைக்கு மாடியறை, தனியாக வருகிற பொம்பளைக்குக் கேள்வி. பதினேழாவது வீட்டில் "கூட ஒங்க ஆத்தா இருப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கியவள் நேரே பழைய வண்டி உடைக்கிற யார்டுக்குப் போய், ஓட்டம் முடிந்த ஒரு மஞ்சள் பள்ளிக்கூட வேனை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு கட்டில், ஒரு வேலை மேசை, ஒரு கேஸ் அடுப்பு போட்டுக் குடியேறிவிட்டாள். வீட்டு நம்பர் இல்லாதவளுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது என்று ஆபீசில் சொன்னார்கள். சூரியன் வீட்டு நம்பர் கேட்கவில்லை. வேன் கூரையில் நாலு சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய பேட்டரி, மூலையில் ஒரு இன்வெர்ட்டர், அவ்வளவுதான் அவளுடைய மின்சார வாரியம்.

நம் வீட்டில் கை போகிற போக்கில் ஸ்விட்சைத் தட்டுகிற மாதிரி அந்த வண்டிக்குள் தட்ட முடியாது. விடிந்ததும் அவள் முதல் வேலை கூரையில் ஏறித் தகடுகளில் படிந்த புழுதியை ஈரத்துணியால் துடைப்பது. பத்து மணி வரைக்கும் சின்ன ஃபேன் மட்டும். வெயில் உச்சிக்கு ஏறின பிறகு மூன்று மணி வரைக்கும் மிக்ஸியோ கிரைண்டரோ, ஏதாவது ஒன்று; இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தி அணைந்துவிடும். நாலு மணிக்கு மேல் ஒரு விளக்கும் செல்ஃபோனும். இஸ்திரிப் பெட்டியை வண்டிக்குள் ஏற்றவே மாட்டாள். "சூடு பண்ணுத சாமான் எல்லாம் குடிகாரன் மாதிரி, மொத்தத்தையும் குடிச்சிட்டுக் கவுந்துரும்" என்பாள்.

இத்தனை ஊர் இருக்கும்போது எங்கள் ஊருக்குப் பத்து நாள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். அவள் தங்கை ஆவுடையம்மாளை எங்கள் ஊர் சீனிப்பாண்டிக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆவுடை அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் செத்துக் கிடந்தாள். கால் தவறிவிட்டது என்றார்கள், ஊரும் ஆமாம் கால் தவறிவிட்டது என்றது, போலீஸ்காரரும் அப்படியே எழுதிக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போனார். பதினாறாம் நாள் முடிந்து சீர் சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது, பெண் போய்விட்டால் சாமானாவது திரும்பி வர வேண்டும். பெரியவர்கள் முன்னால் பட்டியலை வாசித்தார்கள், கட்டில் வந்தது, பீரோ வந்தது, குடம், அண்டா, குத்துவிளக்கு வந்தது, மிக்ஸி மட்டும் வரவில்லை. "அது எப்பவோ கெட்டுப்போச்சு, இரும்புக்காரன்கிட்ட போட்டாச்சு" என்றாள் மாமியார் சொர்ணத்தாய்.

அந்த மிக்ஸி கெட்டுப்போகாது. முப்பிடாதியே செம்புக்கம்பி சுற்றி, அவளே பூட்டி, அடியில் ஆணியால் தங்கச்சி பேரைக் கீறிக் கொடுத்த பச்சை மிக்ஸி அது. அதைத் திரும்ப வாங்கத்தான் வருஷா வருஷம் வந்தாள், வந்து சீனிப்பாண்டி வாசலில் நின்று கேட்டாள், இல்லை என்று சொல்லக் கேட்டுவிட்டுப் போனாள். அந்த வீட்டுக்கு அடுத்த வீடு என் வீடு. என்னிடமும் கேட்பாள், "மதினி, ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று. "எனக்கென்ன தாயி தெரியும்" என்பேன். தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அந்த மிக்ஸியின் சத்தம் சுவருக்கு அங்கிட்டிருந்து என் அடுப்படிக்குள் வந்து போகும். பக்கத்து வீட்டோடு பகை எதற்கு என்று இருந்தேன், வேறு காரணம் கிடையாது.

போன பங்குனியில் வண்டி வந்த இரண்டாம் நாள் தெற்குத் தெரு சண்முகக்கனி தன் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனாள். மோட்டாருக்குள் இருக்கிற கார்பன் கட்டை தேய்ந்திருந்தது, முப்பிடாதி மாற்றினாள், மாற்றிவிட்டு ஜாடி போடாமல் சும்மா ஓட்டிப் பார்க்க வண்டியின் பிளக்கில் சொருகித் திருகினாள். மற்ற வருஷமெல்லாம் வருகிற இரைச்சல் வரவில்லை. சண்முகக்கனியின் குரல் வந்தது. சண்முகக்கனியோ வாயை மூடிக்கொண்டு, கையில் சுருக்குப்பையோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"ஒங்கம்மைக்குப் பீத்துணி அலச நானு, பென்சன் பணத்த எண்ணி வாங்க ஓந் தங்கச்சியா? இன்னிக்கு அவளையே வந்து அலசச் சொல்லு. அலசுவாளா? மூக்கப் பொத்திக்கிட்டு வாசல்லயே நிப்பா."

வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் அப்படியே நிமிர்ந்தோம். மிக்ஸி நேற்றுச் சொன்னதைச் சொன்னது, முந்தாநாள் சொன்னதைச் சொன்னது, பொங்கலுக்குச் சொன்னதைச் சொன்னது, பின்னோக்கிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. முப்பிடாதி கையை ஸ்விட்சுக்குக் கொண்டுபோனாள். சண்முகக்கனி அந்தக் கையைப் பிடித்தாள். "நிறுத்தாதீக. இன்னும் இருக்கு" என்றாள்.

அதே மிக்ஸியை வீட்டில் கொண்டுபோய்ச் சொருகினால் எப்போதும்போல இரைந்தது, வண்டியில் சொருகினால் பேசியது, அவ்வளவுதான் விஷயம். ஏன் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை. லைன்மேன் ஒரு விளக்கம் சொன்னார், வாரியத்துக் கரண்ட் எத்தனையோ ஊர்க் கம்பி வழியாக வருகிறது, வருகிற வழியிலேயே மான ரோஷமெல்லாம் உதிர்ந்துவிடும், இது மேலேயிருந்து நேரே இறங்குகிறது என்று. பூசாரி மாடக்கண்ணு அம்மன் முகத்தைப் பார்த்துவிட்டு "அவளுக்கு முன்னால எதையும் மூடி வைக்க முடியாது" என்றார். அப்படிச் சொன்னவர் மறுநாள் தன் வீட்டு மிக்ஸியை வைக்கோல் படப்புக்குள் ஒளித்து வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் பொட்டலில் வரிசை நின்றது. தண்ணீர்க் குழாயில் குடத்தை வைத்து இடம் பிடிப்பதுபோல மிக்ஸியை வைத்து இடம் பிடித்தோம். ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஓட்டு, இரண்டு நிமிஷம் மோட்டாரை ஆறவிடு, மறுபடி ஐந்து நிமிஷம், அதோடு அடுத்த ஆள். மூன்று மணிக்கு மேல் யாருக்கும் கிடையாது. மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் வரக் கூடாது என்று முதலில் ஒரு சட்டம் போட்டோம், அது இரண்டு நாள்கூட நிற்கவில்லை, ஏனென்றால் மாமியார்களும் வரிசையில் வந்து நின்றார்கள், அவர்களும் ஒரு காலத்தில் மருமகள்கள்தானே. சண்முகக்கனியின் மாமியார் கட்டிலோடு தன்னைத் தூக்கிவரச் சொல்லி, முழுசையும் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானாட்டி? நா எம் மாமியாவ இதவிட மோசமால்லா வஞ்சிருக்கேன்" என்று பொக்கை வாயால் சிரித்தாள். அன்றிலிருந்து அந்தக் கிழவியின் துணியை அவள் மகன்தான் அலசுகிறான்.

கிரைண்டர் மெதுவாகப் பேசியது, மாவு ஆட்டுகிற நேரம் அதிகம் என்பதால் அதில் அழுகை அதிகம் இருந்தது. ஓட்டல்காரர் அருணாசலம் தன் பெரிய கிரைண்டரைக் கொண்டுவந்தபோது பாதி ஊர் கேலி பண்ணப் போய், அதற்குள் அவர் அழுதிருந்ததைக் கேட்டு ஒருத்தரும் சிரிக்காமல் திரும்பியது. இஸ்திரிப் பெட்டி எதுவும் சொல்லாது, அதற்குச் சத்தம் கிடையாது, சத்தம் இல்லாத சாமானுக்கு முன்னால் நாம் என்றைக்கு வாய் திறந்தோம்? ஃபேனை மட்டும் யாரும் கொண்டுவரக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம், படுக்கையறை விவகாரம் பொட்டலுக்கு வர வேண்டாம் என்று.

ஆம்பிளைகள் முதல் இரண்டு நாள் சிரித்தார்கள். நாலாம் நாள் சிரிப்பு நின்றது. ஐந்தாம் நாள் திடீரென்று எல்லோருக்கும் அம்மியில் அரைத்தால்தான் ருசி என்கிற ஞானம் வந்தது, இரண்டு பேர் புது அம்மியே இறக்கினார்கள். அம்மியை இறக்கினவன் அரைக்கவும் வேண்டியதுதானே? அதற்கு மட்டும் கை வலிக்கும். எட்டாம் நாள் பஞ்சாயத்துத் தலைவர் பால்ச்சாமி வேனுக்கு முன்னால் வந்து நின்று, பொட்டல் புறம்போக்கு, இங்கே வண்டி நிறுத்த அனுமதி இல்லை, நாளை மறுநாள் மத்தியானத்துக்குள் கிளம்பிவிட வேண்டும் என்றார். பால்ச்சாமி சீனிப்பாண்டிக்குப் பெரியப்பா. அவர் வீட்டு மிக்ஸி என்ன சொன்னது என்பதையும் நாங்கள் கேட்டிருந்தோம்.

ஒன்பதாம் நாள் காலையில் முப்பிடாதி கடைசியாக சீனிப்பாண்டி வாசலுக்குப் போனாள். இத்தனை வருஷமும் தங்கச்சி ஞாபகத்துக்காகக் கேட்டாள். இந்தத் தடவை, அதற்குள் என்ன இருக்கும் என்று தெரிந்து கேட்டாள். நான் காம்பவுண்டு ஓரம் வாரியலோடு நின்றிருந்தேன்.

"எந் தங்கச்சி மிக்ஸியக் குடுத்துருங்க அத்தே."

"எத்தன வருசம் சொல்லுதது? அது இரும்புக்கடைக்குப் போயாச்சு" என்றாள் சொர்ணத்தாய்.

உள்ளே அப்போது மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

முப்பிடாதி தலையைச் சாய்த்துக் கேட்டாள். தான் கட்டின காயில் சத்தம் கட்டினவளுக்குத் தெரியாதா, தான் பெற்ற பிள்ளை அழுகிற மாதிரி அது. "உள்ள ஓடுதே, அது என்னது?"

"அது எங்க வடிவு கொண்டாந்தது" என்றாள் சொர்ணத்தாய். வடிவு என்பது சீனிப்பாண்டியின் இரண்டாம் பெண்டாட்டி, ஆவுடை செத்த மறுவருஷமே கட்டி வந்தவள்.

"அவ வாயால அவன் பேரச் சொல்லக் கேக்கணும், அது போதும்" என்று முப்பிடாதி கத்தினாள். "கால் தவறிச்சா, கை தள்ளிச்சா, அவ சொல்லட்டும்!"

சீனிப்பாண்டி வெளியே வந்து கதவைச் சாத்தினான். முப்பிடாதி திரும்பி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை கேட்கக்கூட இல்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நான் குனிந்து கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினேன்.

பத்தாம் நாள் பதினொரு மணிக்கு வடிவு தலையில் வாளியோடு பொட்டலுக்கு வந்தாள். பார்த்தால் கண்மாய்க்குத் துவைக்கப் போகிற மாதிரி மேலே அழுக்குத் துணி. துணியை எடுத்தாள், அடியில் பச்சை மிக்ஸி. நெற்றியில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள், என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள், நாங்களும் எந்தக் கதவு என்று கேட்க மாட்டோம்.

"மேலாக எந் தொண்டத்தண்ணி கெடக்கு, அடியில அந்த அக்காவோடது கெடக்கும்" என்றாள் வடிவு. "ஓட்டுங்க. அவ்வொ தேடுததுக்குள்ள ஓட்டிருங்க."

மிக்ஸி கடைசியாகச் சொன்னதிலிருந்துதான் தொடங்கும், ஆவுடையிடம் போய்ச் சேர ஐந்தாறு வருஷத்து வடிவைத் தாண்டியாக வேண்டும். அன்றைக்கென்று மேகம் மூட்டம் போட்டது. இத்தனை நாள் எங்கள் எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் ஓட்டிக் கொடுத்துப் பேட்டரியும் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. முப்பிடாதி ஃபேனை நிறுத்தினாள், விளக்கின் வயரைப் பிடுங்கினாள், மிக்ஸியைச் சொருகித் திருகினாள்.

வடிவின் குரல் வந்தது. "நேத்துத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிக் கெணத்தக் காட்டுதான். மூத்தவ இங்கனதான் கெடந்தா, நல்லாப் பாத்துக்கன்னான். பாத்துக்கிட்டேன். பாத்துக்கிட்டு வந்து அவனுக்கு மல்லித் தொவையல் அரைக்கேன் பாரு, எனக்குச் சோறு எறங்குமா?" எதிரே நின்ற வடிவு தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஓட்டினோம், ஆறவிட்டோம், ஓட்டினோம். மூன்றாம் வருஷத்துக்கு வரும்போது இன்வெர்ட்டர் கீச்சிட்டது, குரல் இழுத்துக்கொண்டு தேய்ந்தது.

யார் முதலில் ஓடினாள் என்று ஞாபகமில்லை. எல்லோரும் வீட்டுக்கு ஓடினோம், முகம் பார்க்கிற கண்ணாடி, பீரோக் கண்ணாடி, எவர்சில்வர் தாம்பாளம், புதுச் சருவப்பானை மூடி, எது மின்னுமோ அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து வேனைச் சுற்றி நின்றோம். மேகம் எங்கெங்கே கிழிந்ததோ அங்கெல்லாம் இறங்கிய வெயிலைப் பிடித்துத் தகடுகள்மேல் எறிந்தோம். நாற்பது பெண்கள் நாற்பது துண்டு வெயிலை எறிந்தோம். இன்வெர்ட்டர் வாயை மூடியது, குரல் நிமிர்ந்தது.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள், பால்ச்சாமி முன்னால், சீனிப்பாண்டி பின்னால், இன்னும் பத்துப் பேர். "மத்தியானம் ஆச்சு, வண்டிய எடு" என்றார் பால்ச்சாமி. யாரும் நகரவில்லை. சீனிப்பாண்டி மிக்ஸியைப் பார்த்துவிட்டான், வடிவைப் பார்த்துவிட்டான், வயரைப் பிடுங்கக் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தான். சண்முகக்கனி தன் பீரோக் கண்ணாடியை ஒரு திருப்புத் திருப்பி வெயிலை அவன் கண்ணுக்குள் அடித்தாள். பக்கத்தில் நின்றவளும் திருப்பினாள். அவன் எந்தப் பக்கம் போனாலும் கண்ணுக்குள் வெயில், கையால் மூடினால் விரலிடுக்கில் வெயில், எங்கள் பொட்டலில் ஒளிந்துகொள்ள நிழல் ஏது? தடுக்கி விழுந்து அங்கேயே முழங்காலில் உட்கார்ந்தான். மற்றவர்கள் ஒரு அடி முன்னால் வரவில்லை.

மிக்ஸி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் சுற்றியது. அவள் செத்த பிறகு சும்மா கிடந்த மாசங்கள் அவை. பிறகு ஆவுடை பேசினாள்.

"அரைக்க ஒண்ணுமில்ல. சும்மாதான் ஓட்டுதேன். இன்னிக்குக் கெணத்துச் செவத்துல ஏத்தி ஒக்கார வச்சான் இந்தச் சீனிப்பாண்டி. நாளைக்கு நீ தள்ளுவியா, நானே விழணுமான்னு கேட்டேன். சிரிக்கான். அவன் ஆத்தா தூரத்துல நின்னு பருத்தி எடுக்கா, நிமிந்துகூடப் பாக்கல."

சொன்னாள்! அவன் பேரைச் சொன்னாள். முப்பிடாதி இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டியளா, எல்லாரும் கேட்டியளா" என்று அலறினாள். மிக்ஸி நிற்கவில்லை.

"எங்க போவேன்? அக்காகிட்டயா? மூணு தடவ போனேன். மூணு தடவயும் காராச்சேவு பொட்டலம் ஒண்ணு வாங்கிக் கையில குடுத்து பஸ் ஏத்தி விட்டா. கொஞ்சம் பொறுத்துப் போட்டி, ஊரு என்ன சொல்லும்னா. மிக்ஸி குடுத்தியேக்கா, ஒரு பாய் குடுத்தியா? ஒங் கடைக்குப் பின்னால சாக்கு போடுத எடம் இருந்துச்சே, அதுல சுருண்டு கெடந்திருப்பேனே. ஒன்கிட்ட நான் என்ன கட்டிலா கேட்டேன்? அவன் கொல்லுதது பெருசில்ல, நீ பஸ் ஏத்தி விட்டதுதாம்க்கா ஆறல."

யாரும் கண்ணாடியை அசைக்கவில்லை. முப்பிடாதியின் முகத்தை நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். சண்முகக்கனி மெல்லப் போய் ஸ்விட்சில் கை வைத்தாள். முப்பிடாதி அந்தக் கையை ஓங்கி அடித்தாள். "ஓடட்டும். எனக்குத்தான் சொல்லுதா, ஓடட்டும்" என்றாள்.

ஓடியது. அடுத்ததாக என் பேர் வந்தது.

"பக்கத்து வீட்டுக் கனகு மதினி செவத்துக்கு அங்கிட்டு நின்னு சிரிக்காவ. ஆவுடை காத்த அரைக்கா, காத்துல கொழம்பு வைக்கப் போறான்னு யார்கிட்டயோ சொல்லுதாவ. மதினிக்குத் தெரியுது, காலியா ஓடுதுன்னு. தெரிஞ்சும் சிரிக்காவ."

நான்தான் கனகு. ஆமாம், தெரியும். ஜாடியில் சாமான் இருந்து ஓடுகிற சத்தம் வேறு, காலியாக ஓடுகிற சத்தம் வேறு, அது வீல் வீலென்று கத்தும். அடுப்படியில் நிற்கிற எந்தப் பொம்பளைக்கும் அது தெரியும். தினமும் இரண்டு வேளை, மூன்று வேளை அந்த வீட்டில் மிக்ஸி காலியாகக் கத்தியது, அதற்குள் அவள் கத்தினாள், நான் என் அடுப்படியில் நின்றுகொண்டு அதை வைத்து ஒரு கேலி கட்டித் தெருவுக்குக் கொடுத்தேன், தெரு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. இத்தனை வருஷம் கழித்து வெயிலில் நின்று அதைக் கேட்டேன். கையிலிருந்த தாம்பாளம் கனத்தது, ஆனால் இறக்கவில்லை, இறக்கினால் அவள் குரல் நின்றுவிடும் என்று பிடித்துக்கொண்டே நின்றேன். மூன்று மணி வரைக்கும் ஆவுடை பேசினாள். கல்யாணமான முதல் வாரத்தில் போய் முடிந்தது. அந்த வாரம் மிக்ஸிக்குள் அவள் பேசியிருக்கவில்லை, பாடியிருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நாற்பது பேரும் போனோம். மிக்ஸி சொன்னதையெல்லாம் எழுத முடியாது என்றார் அங்கிருந்தவர். நீங்கள் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றார். நாங்கள் என்ன பார்த்தோம்? நாங்கள் கேட்டது எல்லாம் இரைச்சல். சீனிப்பாண்டி இன்னும் எங்கள் ஊரில்தான் நடமாடுகிறான், அவன் டீக்கடைக்குள் நுழைந்தால் இருப்பவர்கள் எழுந்துபோகிறார்கள், அவன் கிணற்றுத் தண்ணீரில் விளைந்ததை யாரும் வாங்குவதில்லை, அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. அது போதுமா என்று கேட்காதீர்கள். போதாது.

அன்றைக்குப் பொழுது சாயும்போது கூட்டம் கலைந்தது. வடிவு அழுக்குத் துணிகளை மறுபடி வாளிக்குள் எடுத்துவைத்தாள், வாளியைத் தலையில் ஏற்றினாள், வீட்டுப் பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைத்தாள். வேறு எங்கே போவாள், பழகின கால் பழகின பக்கம்தான் திரும்பும்.

"ஏட்டி" என்று முப்பிடாதி கூப்பிட்டாள்.

வடிவு நின்றாள். முப்பிடாதிக்கு வாய் திறந்தது, சொல்ல வந்தது. பழைய சொல்தான் வாய்க்குள் வந்திருக்கும், எனக்குத் தெரியும், அவள் உதட்டைப் பல்லால் கடித்ததைப் பார்த்தேன், ரத்தம் வந்தது. பிறகு வேனின் கதவை முழுசாக இழுத்துத் திறந்தாள்.

"ஏறு" என்றாள்.

இப்போது அந்த மஞ்சள் வேன் ஊர் ஊராகப் போகிறது, இரண்டு பேர் இருக்கிறார்கள், வடிவும் காயில் கட்டக் கற்றுக்கொண்டாள். முன்பெல்லாம் கூரையில் இருக்கிற ஒலிபெருக்கி 'மிக்ஸி, கிரைண்டர், குக்கர் ரிப்பேர் பார்க்கிறது' என்று கத்தும். இப்போது பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் முப்பிடாதி மைக்கைப் பச்சை மிக்ஸிக்கு முன்னால் வைத்துக் கட்டிவிட்டு, வடிவின் பங்கு ஓடித் தீர்ந்ததும் வண்டியை மெதுவாக உருட்டுகிறாள். "எங்க போவேன்? அக்காகிட்டயா?" என்று தெருத் தெருவாக ஆவுடை கேட்டுக்கொண்டு போகிறாள். யாராவது வாசலுக்கு வந்து, "யாரும்மா அந்த அக்கா? நல்ல பொம்பளையா அவ?" என்று கேட்பார்களாம். முப்பிடாதி பிரேக்கை மிதித்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "நான்தான்" என்பாளாம்.

உங்கள் ஊருக்கும் வரும். அப்போது மதினி மதினி என்று ஒரு பேர் அடிபடும், அது நான்தான், தெரிந்துகொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் பாலை அடுப்பில் வைத்திருந்தேன். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், சின்னப் பெண், பேர்கூட இன்னும் சரியாகத் தெரியாது. அங்கே மிக்ஸி ஓடியது. காது கொடுத்துக் கேட்டேன். காலி. பாலை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே மிக்ஸி நின்றது, ஒரு ஆம்பிளைக் குரல் "யாரு?" என்றது, கதவு திறக்கவில்லை. என் வீட்டிலிருந்து பால் பொங்கித் தீய்கிற வாடை வந்தது. தீயட்டும் என்று, திறக்கிற வரைக்கும் தட்டினேன்.